வடமும் கப்பியும்



பாய்மரக் கலத்தின் மேல்தளத்தில் உள்ள கப்பி, கொக்கி, ஷாக்கிள், வடம் முதலிய தளவாடங்களைப் பழுதுபார்த்து மீண்டும் பூட்டுவது பற்றிச் சில சொல்ல விழைகிறேன். ஆனால், அதற்காக உங்களைத் தூத்துக்குடிக்கோ நாகப்பட்டினத்திற்கோ அழைத்துச் செல்லப் போவதில்லை. பங்காருப்பேட்டையில் கிளை ரயிலேறிக் கோலார் தங்கவயலுக்குள் நுழைந்து, மாரிக்குப்பத்திற்கு முன்னே உள்ள சாம்பியன் ரீப்ஸ் என்னும் ஊருக்கு அழைத்துச் செல்கிறேன். கடற்காற்று எட்டியும் பாராத மேட்டுநிலம் அது. ஆயினும், மனித உயிர் ஒரு வடத்தின் நுனியில் தொங்குவது எத்தகையது என்பதை நூறாண்டுக்கும் மேலாக நாள்தோறும் கண்ட ஊர்.

அவ்வூரின் வரலாறு உங்களில் பலருக்குத் தெரிந்ததே. சிலருக்கு அது குடும்ப வரலாறாகவே இருக்கும். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் அங்கே சுரங்கப் பணியை ஏற்ற பின்னர், வட ஆற்காடு, சேலம், செங்கற்பட்டு, சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் சென்று குடியேறினர். மைசூர் நாட்டின் நடுவே ஒரு தமிழூர் எழுந்தது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீப்ஸ், ஊரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் தனித்தனியே ஆழ்ந்தன. இவற்றுள் சாம்பியன் ரீப் சுரங்கம் இறுதியில் தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர், அதாவது 10,000 அடிக்கும் மேலான ஆழத்தை எட்டியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது நெடுங்காலம் எண்ணப்பட்டது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டிருந்தது. அங்கே சென்று பாறையைத் துளைத்தவரும், வெட்டிய கல்லை வாரியவரும், இருண்ட ஷாப்டுகளின் வழியே கூண்டில் இறங்கிக் கூண்டிலேயே ஏறி வந்தனர்.

இந்தக் கூண்டையும் பாய்மரக் கலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கலத்தில் பாய்மரம் நிற்கிறது. சுரங்க வாயிலில் இரும்புக் கோபுரம் நிற்கிறது. பாய்மரத்தின் உச்சியில் ஒரு கப்பி. கோபுரத்தின் உச்சியிலும் ஒரு கப்பி, ஆளுயரத்தினும் மிகப் பெரியது. பருமலையும் பாயையும் ஏற்றி இறக்கும் கயிறு கப்பியின் மீதேறித் தளத்திற்கு வருகிறது. கூண்டின் வடம் கப்பியின் மீதேறி எந்திரக் கொட்டகையிலுள்ள பெரிய உருளையில் சுற்றிக்கொள்கிறது. அந்த உருளையைத் தொழிலாளர் டிரம் என்பர். கயிற்றின் நுனியில் ஷாக்கிள். வடத்தின் நுனியிலும் அதுவே. அளவில் வேறுபாடு உண்டேயன்றி அமைப்பில் இல்லை.

இந்த உறவு தற்செயலானதன்று. இன்று உலகிலுள்ள பாய்மரக் கலங்களுள் பெரும்பாலானவற்றின் பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்துவது எஃகுக் கம்பி வடம். அந்த வடமோ கடலில் பிறந்ததன்று, சுரங்கத்தில் பிறந்தது. ஜெர்மனி நாட்டின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் கிளவுஸ்தால் என்னும் ஊரில் சுரங்க அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட் 1834இல் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடமாக்கிச் சுரங்கத்தில் பயன்படுத்தினார். அதற்குமுன் சணல் வடமும் இரும்புச் சங்கிலியுமே கதி. சணல் ஈரத்தில் மக்கியது. சங்கிலியோ அதைவிட வஞ்சகமானது: நூறு கண்ணிகளில் ஒரே ஒரு கண்ணியில் மறைந்திருக்கும் விரிசல், எவ்வித முன்னறிவிப்புமின்றி முழுச் சுமையையும் பாதாளத்தில் தள்ளிவிடும். கம்பி வடம் அப்படிச் செய்வது அரிது. அதில் பல கம்பிகள் உள்ளன. ஒன்று அறுந்தால் மற்றவை தாங்கும். அறுந்த கம்பியின் முனை வெளியே நீட்டிக்கொண்டு, 'என்னைப் பார்' என்று கூப்பிடும். பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆல்பர்ட்டின் வடம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் கப்பல்களின் பாய்மரக் கட்டுக்கும் கம்பி வடம் வந்துவிட்டது.

பார்க்க ஆள் வேண்டும் என்றேன். அது எவ்வளவு பெரிய தேவை என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 40 மில்லிமீட்டர் பருமனுள்ள எஃகு வடம் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரைக் கிலோ எடை உள்ளது. அறுபடுவதற்குமுன் அது ஏறத்தாழ 100 டன் தாங்கும் என்று கொள்வோம். மனிதரை ஏற்றும் வடத்திற்கு, அதன் வலிமையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றலாகாது என்பது ஆழமில்லாத இடங்களில் பழக்கமான கட்டுப்பாடு. அவ்வாறாயின் 10 டன் ஏற்றலாம். ஆனால், அதே வடத்தை 2 கிலோமீட்டர் ஆழத்திற்குத் தொங்கவிட்டால், வடத்தின் சொந்த எடையே 13 டன் ஆகிவிடுகிறது! கூண்டையும் ஆட்களையும் விடுங்கள். அந்தக் கட்டுப்பாட்டின்படி வடம் தன்னைத்தானே சுமக்கவும் தகுதியற்றதாகிறது. வடத்தைப் பருக்கச் செய்தால் வலிமையோடு எடையும் சேர்ந்தே கூடும், பயன் இல்லை.

இதற்குச் சுரங்கப் பொறியாளர் இருவகையில் வழி கண்டனர். முதலாவது, அடிவரை ஒரே ஷாப்டு அமைக்காமல் படிப்படியாக அமைப்பது. சாம்பியன் ரீப்பிலும் அடியாழத்திற்குச் செல்வோர் ஒரு கூண்டில் இறங்கி, பாதாளத்தில் நடந்து, வேறொரு ஷாப்டின் கூண்டில் மறுபடியும் ஏறவேண்டியிருந்தது. இரண்டாவது வழியே நம் பேச்சுக்கு உரியது. ஆழம் கூடக்கூட, பத்து மடங்கு என்னும் அந்தக் கட்டுப்பாட்டை ஏழு, ஆறு எனத் தளர்த்திக்கொள்ளப் பல நாடுகளின் சுரங்க முறைகள் இடந்தந்தன. தளர்த்திய இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது? இரும்பைக்கொண்டு நிரப்ப இயலாது என்று இப்போதுதான் கண்டோம். பழுதுபார்ப்பவனின் கண்ணையும் கையையும் கொண்டுதான் நிரப்பவேண்டும். ஆழ்சுரங்கத்தின் பாதுகாப்பு என்று பெரிய சொல்லால் நாம் குறிப்பதில் ஒரு பெரும்பகுதி, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு வடத்தின் அருகே நின்ற ஒருவனுடைய பொறுமைதான்.

அவன் செய்தது என்ன? கூண்டு, வடம், இரண்டையும் இணைக்கும் தளவாடங்கள் ஆகியவற்றை 24 மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் தகுதியுள்ள ஒருவர் பார்வையிடவேண்டும் என்பது சுரங்க விதி. வடத்தை மிக மெதுவாக ஓடவிட்டு, கையில் பஞ்சுக் கழிவை வைத்து அதன்மீது இலேசாகப் பிடிப்பர். அறுந்த கம்பியின் முனை இருந்தால் பஞ்சு அதில் சிக்கிக்கொண்டு போகும். அங்கே ஓட்டத்தை நிறுத்திக் கிரீசைத் துடைத்து எண்ணிப் பார்ப்பர். பிறகு அளவுகோலால் வடத்தின் பருமன். ஓரிடத்தில் பருமன் திடீரெனக் குறைந்திருந்தால், உள்ளே எண்ணெய் ஊறிய சணல் கரு நசிந்துவிட்டது என்று பொருள். வெளியில் ஒரு கம்பியும் அறுபடாமல் பளபளப்பாக இருந்தாலும் அந்த வடத்தை நம்பலாகாது. மேனி மினுக்கு நோயின்மைக்குச் சான்றாவதில்லை அன்றோ?

வடத்தின் உடம்பைக் காட்டிலும் அதன் நுனியே ஆபத்தான இடம். கூண்டு ஏறி இறங்கும்போது வடத்தில் ஓடும் அதிர்வெல்லாம் நுனியில் வந்து முட்டி நிற்கிறது. அசையும் வடம் அசையாத இரும்புக் குவளைக்குள் நுழையும் அந்த அங்குலத்தில்தான் கம்பிகள் களைத்து முறிகின்றன. ஆகவே, ஆறு மாதத்திற்கு மேற்படாமல் ஒருமுறை, நுனியில் இரண்டு மீட்டர் அளவை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முடி பூட்டவேண்டும் என்று வைத்தனர். வெட்டிய துண்டையும் சும்மா எறிவதில்லை. புரி புரியாகப் பிரித்து உட்கம்பிகளின் நிலையை ஆராய்வர். இறந்தவன் உடலை அறுத்துப் பார்த்து இருப்பவனுக்கு மருந்து சொல்வது போன்றது அது.

புதிய முடி பூட்டும் வேலை பார்ப்பதற்கு எளியது, செய்வதற்கு அரியது. வெட்டுமுன், வெட்டுமிடத்தின் இருபுறமும் மென்கம்பியால் இறுகக் கட்டவேண்டும். இல்லையேல் வடத்தின் முறுக்கு உள்ளூரத் தளர்ந்து, சில கம்பிகள் மட்டும் சுமையேற்கும் நிலை உண்டாகும். பின்னர் நுனியைக் கூம்பு வடிவான குவளைக்குள் செலுத்திக் கம்பிகளைத் துடைப்பம்போல் விரித்து, எண்ணெய்ப் பசை ஒரு துளியும் இல்லாமல் கழுவவேண்டும். குவளையைச் சூடாக்கி, ஈயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி ஒரே மூச்சில் ஊற்றவேண்டும். சூடு குறைந்தால் உலோகம் கம்பிகளின் இடுக்கில் இறங்காது. மிகுந்தால் எஃகின் உரம் போய்விடும். வெப்பமானி வருமுன் பழைய கைகள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தன: மென்மரச் சீவல் ஒன்றை உருகிய உலோகத்தில் தோய்த்து எடுப்பது. சீவல் பழுப்பேறிக் கருகவேண்டும், தீப்பற்றக்கூடாது. ஆறிய பிறகு, ஆளில்லாத கூண்டில் சுமை ஏற்றிப் பலமுறை ஓட்டி, குவளையின் வாயில் இட்ட குறி இடம்பெயர்ந்துள்ளதா என்று பார்ப்பர். குறி நின்ற இடத்தில் நின்றால்தான், ஆட்கள் ஏறுகிறார்கள் என்பதற்கு அடையாளமான மூன்று மணி அடிக்கப்படும்.

இந்த முடிக்கும் கூண்டுக்கும் இடையே பூட்டப்படும் மற்றொரு கருவியை நான் மிக வியக்கிறேன். எந்திரம் ஓட்டுபவர் ஒரு கணம் அயர்ந்தால், மேலே வந்த கூண்டு நில்லாமல் கோபுர உச்சிக் கப்பியில் போய் மோதும், வடம் அறும், கூண்டு வந்த வழியே விழும். இதைத் தடுக்க லங்காஷயரைச் சேர்ந்த எட்வர்டு ஆர்மராடு 1860களின் இறுதியில் ஒரு கொக்கியை அமைத்தார். பின்னர் இதுபோன்ற வேறு கொக்கிகளும் தோன்றி ஆழ்சுரங்கங்களில் வழக்காயின. கூண்டு எல்லை மீறி ஏறினால் கொக்கியின் தகடுகள் கோபுரத்திலுள்ள ஒரு வளையத்துக்குள் நெருங்கி நுழையும். நுழைந்ததும் வடத்தைக் கழற்றிவிட்டு, இறக்கை விரித்ததுபோல் வளையத்தின்மேல் அமர்ந்து கூண்டைத் தாங்கிக்கொள்ளும். வடம் போகும், கூண்டு நிற்கும்.

அந்தத் தகடுகளை வழக்கமான நேரத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சிறு செம்பு ஆணி. அது மென்மையாக இருப்பதே அதன் பெருமை. வளையத்தில் நெருக்குண்டதும் அது அறவேண்டும். அறுந்தால்தான் கொக்கி திறக்கும். இப்போது, பொறுப்புள்ளவனேயாயினும் இதை அறியாத ஒருவன் அக்கொக்கியைக் கழற்றித் துடைத்துப் பூட்டுகிறான் என்று வையுங்கள். தேய்ந்த செம்பு ஆணியைக் கண்டு, 'இவ்வளவு பெரிய பாரத்திற்கு இந்த மெல்லிய ஆணியா' என்று அஞ்சி, நல்ல எஃகு ஆணி ஒன்றை அடித்துவிடுகிறான். அவன் கருதியது நன்மை. செய்ததோ, நாற்பது பேரின் கடைசிக் காவலைப் பூட்டிச் சாவியை எறிந்தது. பழுதுபார்ப்பதில் வலுப்படுத்துவது வேறு, சரிப்படுத்துவது வேறு. எந்தப் பகுதி எதற்காக அப்படி அமைந்தது என்று அறியாதவரை, அதே பொருளில் அதே அளவில் மாற்றுவதே தகும்.

கப்பிக்கும் இது பொருந்தும். வடம் கப்பியில் வளைந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுளில் ஒரு துளி குறைகிறது. வளைவு எவ்வளவு அகலமோ அவ்வளவு நன்று. ஆதலால், சுரங்கக் கப்பியின் குறுக்களவு வடத்தின் பருமனைப்போல் 80 அல்லது 100 மடங்காக இருக்கும். பாய்மரக் கலத்தில் அத்தனை பெரிய சக்கரத்திற்கு இடமேது? எனவே, அங்கே கம்பிக் கயிறு விரைவில் களைக்கிறது. மற்றொரு நுட்பமும் உண்டு. பழைய வடம் நாளடைவில் தேய்ந்து மெலியும்போது கப்பியின் பள்ளமும் அதற்கேற்றபடி குறுகித் தேய்கிறது. அந்தக் குறுகிய பள்ளத்தில் பருமன் குன்றாத புது வடத்தைப் போட்டால், பள்ளத்தின் இரு சுவர்களும் அதை நெரித்துச் சில மாதங்களில் கெடுத்துவிடும். புதுக் கயிறு வாங்குபவர் பலர் பழைய கப்பியைத் திரும்பியும் பாரார். கயிறு மட்டமானது என்று கடைக்காரரை ஏசுவர்.

இனிக் கடலுக்கு வருவோம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற பாய்த் தோணிகளைக் கரையேற்றிக் கலப்பற்று இடும்போது, பலகைகளின் இடைவெளியில் பஞ்சைத் திணிப்பதோடு கப்பி, வளையம், கயிறு கட்டும் முளை ஆகியவற்றையும் கழற்றிப் பார்ப்பது முறையான வேலை. அந்தத் தோணிகளில் இன்று எந்திரம் பாயின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆயினும், மேல்தளத்தில் பூட்டிய எந்த இரும்புக்கும் ஓர் இயல்பு உண்டு. தேய்மானம் வெளியில் தெரியும். துரு உள்ளே நடக்கும். தளப்பலகையைத் துளைத்துச் செல்லும் திருகாணியின் தலை பொன்போல் மின்னலாம். பலகைக்குள் நீர் தேங்கிய இடத்தில் அதே ஆணி பாதியாகக் கரைந்திருக்கும். துருப்பிடிக்காதது என்று விற்கப்படும் எஃகும், காற்றுப்படாத ஈரத்தில் புதைந்து கிடந்தால் குழி விழுந்து கெடுகிறது. எனவே, தளத்தின்மீது நீர்க்கறையோ ஆணியைச் சுற்றிப் பழுப்புக் கோடோ கண்டால், மேலே பசை பூசி மூடுவது பழுதுபார்ப்பு ஆகாது. ஆணியை வெளியே எடுத்துப் பார்க்கவேண்டும். துளையை உலர்த்தி, மக்கிய மரத்தைச் செதுக்கி நிரப்பி, புதிதாகத் துளையிட்டு, கசிவடைக்கும் பசையை ஆணியின் கழுத்தில் இட்டுப் பூட்டவேண்டும். ஷாப்டில் ஓயாது சொட்டும் நீரிலும் உப்புக்கள் கரைந்திருக்கலாம். சுரங்கக் கூண்டின் மூட்டுக்களையும் கழற்றிப் பார்த்தது இதனாலேயே.

சாம்பியன் ரீப் சுரங்கத்தின் கூண்டுகள் தொழிலாளரை மட்டும் சுமக்கவில்லை. 1960களில் அச்சுரங்கத்தின் ஆழத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டருக்குக் கீழே, பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கருவிகளை அமைத்தனர். வானிலிருந்து வரும் மற்றக் கதிர்களையெல்லாம் பாறை தடுத்துவிட, நியூட்ரினோ என்னும் நுண்துகளின் விளைவை மட்டும் பிரித்தறிவது அவர்கள் நோக்கம். 1965இல், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் அடையாளத்தை உலகில் முதன்முதலாகக் கண்டோருள் அவர்களும் இடம்பெற்றனர். நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்கள், ஒளியுமிழும் பலகைகள் யாவும் அந்த ஆழத்திற்குச் செல்லக் கூண்டையன்றி வேறு வழி இல்லை. விஞ்ஞான வரலாறு எழுதுவோர் வடத்திற்கு முடி பூட்டியவரைக் குறிப்பிடுவதில்லை. அதில் குறையொன்றும் காணவேண்டியதில்லை. வடம் ஒழுங்காக இருந்தவரை அதை நினைக்க யாருக்கும் காரணம் இருந்ததில்லை.

1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் ஏற்று நடத்திய அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. நீரிறைப்பது நின்றதும் ஆழத்து வெட்டுகளில் நீர் ஏறிவிட்டது. வேலை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இருட்டிய பிறகு திரும்பும் வாழ்க்கை தொடங்கியது. இன்னும் பலர் தொலைவிலுள்ள மாநிலங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். ஷாப்டின் அருகே தந்தை கற்ற கைவேலை மகனுக்கு எழுத்தில் வந்து சேரவில்லை. ஆனால், வடமும் கப்பியும் எங்கும் இருக்கின்றன: மாடிக் கட்டடத்தின் கிரேனில், துறைமுகத்தின் பாரந்தூக்கியில், கொச்சியின் மீன்பிடி விசைப்படகில்.

அவற்றின் அருகே வேலை செய்யும் நேயர்களுக்கு, கருவியே வேண்டாத சில சோதனைகளைச் சொல்லி முடிக்கிறேன். வடத்தில் ஓரிடத்தில் அறுந்த முனைகள் கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தால், அவை சிலவேயானாலும், அந்த வடத்தில் பாரம் ஏற்றவிடாதீர்கள். நீளம் முழுதும் பரவிக் கிடக்கும் முனைகளினும் கொத்தாக உள்ளவை கொடியவை. முறுக்கு விரிந்து கூடுபோல் உப்பிய வடத்தைத் தட்டி நேராக்க இயலாது, வெட்டத்தான் வேண்டும். நுனியைக் கண்ணிபோல் மடித்துப் பட்டைக் கொளுவிகளால் இறுக்கியிருந்தால், கொளுவியின் அடித்தளம் சுமையேற்கும் நீண்ட புரியின் பக்கமும், வளைகம்பி குட்டையான வால் புரியின் பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் வளைகம்பி சுமையேற்கும் புரியையே கடித்து நசுக்கும். ஷாக்கிளின் திருகு ஆணி அதிர்வில் தானாகவே கழலக்கூடியது. ஆணியின் கண்ணில் மென்கம்பியைக் கோத்து ஷாக்கிளின் உடலோடு இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட இரண்டு நிமிடம் போதும். அந்தக் கம்பி இல்லாத ஷாக்கிளைத் தலைக்குமேல் கண்டால், மேஸ்திரி என்ன சொன்னாலும், பாரம் தரையிலிருந்து எழுமுன் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லுங்கள்.